பழவேற்காட்டில் போட்டிங் போகலாமா? தடைக்குக் காரணம் என்ன?

சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. லீவு விட்டாலே பத்து பேர் வேன் பிடித்து பழவேற்காடு கிளம்பிடுறாங்க. போனதும் கேட்கிற முதல் கேள்வி: "அண்ணா, போட்ல ஒரு ரவுண்டு போகலாமா?"

கூடாது. சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கு இங்கே தடை இருக்கிறது.

என்ன நடந்தது?

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. குழந்தைகளோடு சுற்றிப் பார்க்க வந்த ஒரு குழு மீன்பிடி படகில் ஏறியது. படகில் இருந்தவர்கள் 25 பேர். படகு கவிழ்ந்ததில் 22 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் தடை வந்தது.

முழங்கால் தண்ணிதானே, என்ன ஆபத்து?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பெண்கள் தண்ணீரில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதைப் பார்க்கலாம். ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வேற கதை. நீர் வற்றும்போது ஏரித் தண்ணீர் அந்தக் குறுகலான வாய் வழியாக வேகமாக வெளியேறும். எதிரே கடலலை உள்ளே வரும். இரண்டும் மோதுகிற இடத்தில், மணல் மேட்டின் மேல் அலை எழும்பி உடையும். மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் நேற்று இருந்த வழி இன்று இருக்காது. மீனவர்கள் அலையின் இடைவெளி பார்த்து, படகின் முனையை அலைக்கு நேராக வைத்துக் கடக்கிறார்கள். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தக் கணக்கு காலி. பக்கவாட்டில் ஓர் அலை அடித்தாலே போதும்.

'யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போறோம்' என்று யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீங்க. மீன்பிடி படகில் உங்களுக்கான லைஃப் ஜாக்கெட் இருக்கும் என்று நம்பவும் முடியாது.

அப்போ பார்க்க என்னதான் இருக்கு?

கரையிலேயே நிறைய. 1613-ல் கட்டிய டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. அதைவிட டச்சுக் கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டியது. நுழைவாயிலில் எலும்புக்கூடு சிற்பங்கள் காவல் நிற்கும். காலையில் போனால் இறாலும் நண்டும் ஏலம் போவதையும் பார்க்கலாம்.

'பாலைவனம்' மாதிரி ஓர் இடம் வேணுமா?

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. கோடையில் அந்த வடபகுதி வற்றிப்போய், இருபுறமும் கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பூத்த வெடிப்பு நிலமாகக் கிடக்கும். நிழலே கிடையாது, தண்ணீர் பாட்டிலை மறக்காதீங்க. குளிர்காலத்தில் போனால் அதே இடத்தில் தண்ணீரும் பூநாரைக் கூட்டமும் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் இஸ்ரோ ராக்கெட் ஏவும் தேதியையும் பாருங்க. அன்று பாதுகாப்புக்காக மீனவர்களே கடலுக்குப் போகக் கூடாது. மீன் வாங்கலாம்னு நினைத்துப் போனால் ஏலக்கூடம் வெறிச்சோடியிருக்கலாம்.