‘அன்டர்ன்’: வழக்கொழிந்த ஒரு வேளைச்சொல்

கர்த்தர் சிலுவையில் அறையப்பட்டது மூன்றாம் மணி வேளை என்று மாற்கு 15:25 கூற, யோவான் 19:14 தீர்ப்பின் வேளையையே ஏறக்குறைய ஆறாம் மணி என்கிறது. இவ்விரண்டையும் இசைவிக்க முயலுமுன், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மாற்குவின் வசனத்தை எவ்வாறு பெயர்த்தனர் எனக் காண்போம். பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த மேற்குச் சாக்சன் சுவிசேஷங்களில் இவ்விடத்தில் எண் இல்லை. ‘அன்டர்ன்’ வேளை என்றே உள்ளது. இன்று ஆங்கிலேயருக்கே விளங்காத சொல் இது.

இதன் அடி ‘அன்டர்’ என்பர். அதற்குக் ‘கீழே’ என்பதே நாம் அறிந்த பொருள். பண்டு ‘இடையே’ என்னும் பொருளும் இருந்தது. ஆகவே அன்டர்ன் என்பது இடைப்பட்ட வேளை. எந்த எண்ணையும் அது குறிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பெயர்த்த கோத்திய திருமறையில், லூக்கா 14:12இன் பகல் விருந்துக்கு ‘அன்டர்ன் உணவு’ என்னும் பொருளுடைய தொடரே வருகிறது.

இந்நெகிழ்ந்த சொல்லை ஒரு மணியோடு பிணைத்தது திருச்சபையே. மடங்களில் மூன்றாம் மணி ஜெபம் ‘அன்டர்ன்சாங்’ எனப்பட்டது. எனினும் அம்மணியும் கடிகார மணியன்று. சூரிய உதயமுதல் அஸ்தமனம்வரை பகலைப் பன்னிரண்டாகப் பகுத்ததால், இங்கிலாந்தின் வடபகுதியில் கோடையில் ஒரு மணி நம் கணக்கில் 80 நிமிடங்களுக்கு மேலாகவும், குளிர்காலத்தில் 40 நிமிடங்களுக்குக் குறைவாகவும் இருந்தது.

பின்னர் அச்சொல் நகரத் தொடங்கிற்று. காலை ஒன்பதைக் குறித்தது நண்பகலைக் குறித்தது. வடபுலத்துப் பேச்சுவழக்கிலோ பிற்பகலையும், பிற்பகற் சிற்றுண்டியையும் குறித்து 19ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தது. ஒன்பதாம் மணி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘நூன்’, இதற்கு எதிராகப் பிற்பகல் மூன்றிலிருந்து நண்பகலுக்குப் பின்வாங்கிற்று. ஒன்பதாம் மணிவரை உபவாசித்த துறவியரின் பசியே அதற்குக் காரணம் என்பாரும் உளர். நகைப்பூட்டினும் முற்றிலும் தள்ளத்தக்கதன்று.

இச்சொல்லால் மாற்கு, யோவான் சிக்கல் தீர்ந்தது என நாம் சொல்லோம். கிரேக்க மூலத்தில் இரு எண்களும் தெளிவாகவே உள்ளன. யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணினார் என்னும் விளக்கமும் வலுவற்றதே. உரோமர் நாளை நள்ளிரவில் தொடங்கினரேனும், பகலின் மணிகளை உதயத்திலிருந்தே எண்ணினர். ஆயினும் ‘ஏறக்குறைய’ என்று யோவான் இட்ட சொல்லை, கைக்கடிகாரம் கட்டிய நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். சாக்சன் குடியானவனோ மாற்குவின் வசனத்தில் எண்ணைக் கேட்கவில்லை. மடத்து ஜெபவேளையின் பெயரையே கேட்டான்.