போர் ஓய்ந்தபின் வந்த ஆட்டக்காரர்கள்

அன்னூரில் அஸர்த் தொழுகை முடிந்ததும் பொட்டலில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடத் தொடங்கிவிடுவார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதும் நாள்களில் அவர்கள் பேச்சைக் கேட்போர்க்கு, இரு நாட்டு ஆட்டக்காரரும் ஆதிநாள் தொட்டே எதிரெதிர் நின்றவர் போலத் தோன்றும். அவ்வாறன்று என்பதை விளக்க நாம் 1945ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு மே 8இல் ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது. மே 19இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணியும் ஆஸ்திரேலியப் படைவீரர் அணியும் ஆடத் தொடங்கிவிட்டன! அவ்வீரருள் கிரஹாம் வில்லியம்ஸ் என்பார் ஜெர்மானியரிடம் நான்காண்டளவு கைதியாயிருந்து, விடுதலையாகிச் சில வாரங்களே ஆனவர். மெலிந்த மேனியுடன் அவர் மட்டையேந்தி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது.

ஹாசெட் தலைமையிலான அந்த அணி, தாயகம் திரும்பும் வழியில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது செங்கோட்டையில் நேதாஜியின் படைத்தளபதிகள் ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் விசாரணை நடந்துகொண்டிருந்தது. முஸ்லிம், இந்து, சீக்கியர் என மூவரையும் ஒரே கூண்டில் ஏற்றியது ஆங்கிலேயர் செய்த பேருதவி என்றே சொல்லத் தோன்றுகிறது. நாடு ஒரே குரலில் கொதித்தெழுந்தது. கல்கத்தாவில் அக்கொந்தளிப்பு மைதானத்துக்குள்ளும் புகுந்து ஆட்டத்தை நிறுத்தியது.

அதே கல்கத்தாவில் இன்னொரு கிளர்ச்சியும் உண்டாயிற்று. இந்திய அணியிலிருந்து இந்தூரின் சையித் முஷ்டாக் அலி நீக்கப்பட்டிருந்தார். 1936இல் மான்செஸ்டரில் சதமடித்து, அயல்மண்ணில் டெஸ்ட் சதம் கண்ட முதல் இந்தியர் என்னும் பெயர் பெற்றவர் அவர். “முஷ்டாக் இல்லையேல் டெஸ்ட் இல்லை” என்று மக்கள் முழங்கினர். தேர்வுக் குழுத் தலைவர் துலீப்சிங்ஜியைச் சூழ்ந்துகொண்டனர். முஷ்டாக் மீண்டும் சேர்க்கப்பட்டார். முழங்கியோர் எல்லாச் சமயத்தாரும் ஆவர். ஓராண்டுகூட நிறைவுறாமுன், 1946 ஆகஸ்டில், அந்நகரத் தெருக்களில் ஓடிய இரத்தத்தை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்தது. டிசம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் பார்ஸி இளைஞர் ரூஸி மோடி 203 ஓட்டங்கள் குவித்தார். ஆறு விக்கெட்டுகளில் இந்தியா வென்றது. அரசாங்கக் கணக்கில் ஏறாத டெஸ்ட்தான். எனினும் வெற்றி வெற்றியே.

1946 கோடையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. போருக்குப் பின் இங்கிலாந்து ஆடிய முதல் டெஸ்டே நம்மவரோடுதான். தலைவர் மர்ஹூம் பட்டோடி நவாப் இப்திகார் அலி கான். 1932இல் இங்கிலாந்துக்காக ஆடி ஸிட்னியில் தம் முதல் டெஸ்டிலேயே சதமடித்தவர். லாலா அமர்நாத், மெர்ச்சன்ட், மன்கட் ஆகியோருடன் முஷ்டாக் அலி, குல் முஹம்மது, அப்துல் ஹபீஸ் ஆகியோரும் சென்றனர். லார்ட்ஸில் தோற்றனர்; மான்செஸ்டரில் கடைசி இணையர் ஸோஹோனியும் ஹிண்ட்லேகரும் விக்கெட்டைப் பறிகொடாமல் நின்று தோல்வியைத் தவிர்த்தனர்.

அடுத்த ஆண்டு நாடு இரண்டாயிற்று. 1952 அக்டோபரில் தில்லியில் இந்தியாவும் பாகிஸ்தானும் முதன்முறை டெஸ்டில் சந்தித்தன. இந்தியத் தலைவர் அமர்நாத். பாகிஸ்தான் தலைவர் அப்துல் ஹபீஸ் கர்தார். ஆம், 1946இல் அமர்நாத்துடன் இந்தியாவுக்காக ஆடிய அதே அப்துல் ஹபீஸ்தான்! குல் முஹம்மதோ அத்தொடரில் இந்தியாவின் பக்கம் ஆடினார். 1956இல் பாகிஸ்தானுக்காக ஆடினார். முஷ்டாக் அலி எங்கும் செல்லவில்லை. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அவரும் அணியில் இருந்தார். அதுவே அவரது கடைசி டெஸ்ட். 2005இல் இந்தூரிலேயே மறைந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் பாகிஸ்தான் அணியும் சேப்பாக்கம் வந்தது. நாற்பது வயதைக் கடந்த அமீர் இலாஹி கடைசி ஆளாக இறங்கி, ஜுல்பிகார் அகமதுடன் சேர்ந்து 104 ஓட்டங்கள் சேர்த்தார். அவரும் 1947இல் ஸிட்னியில் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆடியவரே. பின்னர் மழை பிடித்துக்கொண்டது. வெற்றி தோல்வியின்றி இரு அணியினரும் கலைந்தனர்.