மதுரைக் கோட்டைவாசலில் இரண்டு தலைகள்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆற்பாக்கம் என்று ஓர் ஊர். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று வேடிக்கையான கதை சொல்கிறது. எதிரிலிசோழச் சம்புவராயர் என்கிற சிற்றரசர் பதறியடித்துக்கொண்டு உமாபதிதேவர் என்ற சைவப் பெரியவரிடம் போகிறார். இலங்கைப் படை பாண்டிய நாட்டைப் பிடித்துவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்கிறார். ராமேஸ்வரத்தில் பூஜையை நிறுத்தி, கோயில் சொத்தை அள்ளிக்கொண்டு போனவர்களா? சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று 28 நாள் பூஜையில் உட்கார்ந்துவிட்டார் தேவர்.

யோசித்துப் பாருங்கள். போர் நடப்பது ராமநாதபுரம் கடற்கரையில். நடுங்குவது காஞ்சிபுரம்! ஏன்?

கொஞ்சம் பின்னால் போகலாம். 12-ம் நூற்றாண்டு, 1160-களின் பிற்பகுதி. மதுரை சிம்மாசனத்துக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். பராக்கிரமன் பொலன்னறுவையில் இருந்த முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தளபதி இலங்காபுரன் கிளம்புவதற்குள் மதுரை விழுந்து, பராக்கிரமன் குடும்பத்தோடு கொல்லப்பட்டான். தப்பியது வீரபாண்டியன் என்ற மகன் மட்டும்.

உதவி கேட்டவனே செத்தாயிற்று. படை திரும்பியிருக்கலாமே? இல்லை. கடல் தாண்டி வந்து ராமேஸ்வரத்தைப் பிடித்தது. குந்துகாலில் பராக்கிரமபுரம் என்று கோட்டையே கட்டியது. (பாம்பன் தீவில், 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கினாரே, அதே குந்துகால்தான்.) பாண்டிய நாட்டில் பராக்கிரமபாகு பெயரில் காசு புழங்கவும் ஏற்பாடானது. கொஞ்ச நாள் தங்குகிறவன் காசா அடிப்பான்?

இதெல்லாம் மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் பெருமையாகச் சொல்வது. இன்னொன்றும் சொல்கிறது. பிடிபட்ட தமிழர்களைக் கப்பலேற்றி அனுராதபுரத்துக்கு அனுப்பி, பழைய மகாதூபியைச் செப்பனிட வைத்தார்களாம். தமிழர் இடித்தது, தமிழரே கட்டட்டும் என்ற கணக்கு. இடித்தவர்கள் எந்தக் காலத்து ஆட்களோ! சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்தவர்கள் இவர்கள்.

இலங்காபுரன் வீரபாண்டியனுக்கு முடிசூட்டினான். குலசேகரன் சோழ அரசன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் ஓடினான். தொண்டி, பாசிப் பகுதிகளில் நடந்த சண்டைகளில் சோழர் தரப்புக்கு அடி. சோழமண்டலத்து ஜனங்களே கிலி பிடித்துப் போனார்கள். உமாபதிதேவர் பூஜைக்கு உட்கார்ந்தது இந்த நேரத்தில்தான்.

பிறகு காற்று மாறியது. பல்லவராயன் தலைமையில் சோழர் படை ஜெயித்தது. இலங்காபுரன் உட்பட இலங்கைத் தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டைவாசலில் ஆணியடித்து மாட்டப்பட்டன. குலசேகரன் மறுபடி ராஜா.

போர் முடிந்ததா? அதுதான் இல்லை. பராக்கிரமபாகு ஊர்க்காவற்றுறை, மாதோட்டம் என்று பல இடங்களில் மறுபடி கப்பல் கட்டினார். சோழர்கள் அவருக்குப் போட்டியாளனான ஸ்ரீவல்லபனைப் படையோடு அனுப்பி அந்த ஊர்களை அழித்தார்கள். உடனே பராக்கிரமபாகு என்ன செய்தார் தெரியுமா? யாரை எதிர்த்துப் படை அனுப்பினாரோ, அந்தக் குலசேகரனுக்கே நேசக்கரம் நீட்டினார். அவனும் பிடித்துக்கொண்டான். கோட்டைவாசலில் இருந்த தலைகளைக் கழற்றினான். கொதித்துப்போன சோழர்கள் அவனை விரட்டிவிட்டு அரியணையில் உட்காரவைத்தது யாரை? வீரபாண்டியனை! இலங்கைப் படை எவனுக்காகக் கடல் தாண்டி வந்ததோ, அதே வீரபாண்டியனை. இத்தனை வருஷச் சண்டைக்கும் இதுதான் விடை என்றால், முதல் நாளே பேசித் தீர்த்திருக்கலாம். இந்த அமைதியும் நிலைக்கவில்லை. அடுத்து வந்த மூன்றாம் குலோத்துங்கன் அதே வீரபாண்டியனோடு மோதவேண்டி வந்தது.

சம்பளக் கணக்கு மட்டும் பிசகாமல் கல்லில் இருக்கிறது. பூஜை செய்த உமாபதிதேவருக்கு ஆற்பாக்கம் கிராமம். படை நடத்திய அண்ணன் பல்லவராயனுக்குப் பழையனூரில் வரியில்லா நிலம். பராக்கிரமபாகுவும் பாண்டிய வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயம் என்று ஒரு கிராமத்தை உண்டாக்கினார். தோல்வியைப் பற்றிச் சூளவம்சம் மூச்சு விடுவதில்லை. கப்பலேறிப் போன தமிழர்கள் ஊர் திரும்பினார்கள் என்று இந்தக் கல்லிலும் இல்லை, அந்த ஓலையிலும் இல்லை.