தன் வரலாறும் கேட்போர் அவையும்

நூல் எழுதினவர் அதனைச் சான்றோர் அவையில் அரங்கேற்றுதல் பழந்தமிழர் மரபு. தொல்காப்பியம் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதெனப் பாயிரம் கூறும். அவையோர் ஐயம் வினவுவர், ஆசிரியர் விடையிறுப்பர், குற்றம் களைந்த பின்னரே நூல் நிலைபெறும். பிற்காலத்தே அத்தகைய அவைகளின் வாயில் நம் முன்னோர்க்கு அடைக்கப்பட்டது. எனவே அவர்கள் தமக்கெனப் புதிய அவையை அமைத்தனர். அதுவே பத்திரிகை.

1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை வெளியிட்டார். மறு ஆண்டே வாசகர் வேண்டுகோளுக்கிணங்க அதன் பெயர் 'தமிழன்' என மாறிற்று. எழுதுவோர் படிப்போர் சொல்லுக்குச் செவிசாய்த்தமைக்கு இது சான்று.

சீனிவாசனார் 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் தன் வரலாற்றை வெளியிட்டார். கோயம்புத்தூரில் பயின்ற நாளில், தம் குலமும் ஊரும் தெரிந்துவிடுமோ என்றஞ்சி, உடன்பயின்றோருடன் பழகாது ஒதுங்கியிருந்ததை அதில் எழுதுகிறார். நீண்ட சொற்பொழிவு உணர்த்தாததை அச்சிறு செய்தி உணர்த்துகிறது.

அண்ணல் அம்பேத்கர் இம்முறையின் பயனை நன்கறிந்தவர். தீண்டாமையை அயல்நாட்டார்க்கு விளக்கப் பொதுவுரையினும் நிகழ்ச்சிகளைக் கூறுதலே ஏற்றதெனக் கருதி, 1901-இல் தந்தையாரைக் காணச் சென்ற வழியில் குடிநீரும் கிட்டாது வருந்தியதை எழுதினார். அக்கையெழுத்துப் படி அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1990-இல் நூலாயிற்று.

1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தம் மக்களின் பேச்சுமொழியிலேயே அமைந்தது. தம் வாழ்வு ஏட்டில் ஏறியது கண்டு அவ்வூரார் முதலில் சினந்தனர். பின்னரே அதன் நோக்கத்தை உணர்ந்தனர். நம்மவரைப் பற்றி எழுதுவதை நம்மவர் முன் படித்துக் காட்டுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இளைஞர்களே! பள்ளிகொண்டா முதல் ஆம்பூர் வரை பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு உழைத்த நம் பெரியோரின் வாழ்வு இன்னும் ஏட்டில் ஏறவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்களின் வரலாற்றைக் கணக்கேடுகள் கூறமாட்டா. அதனை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே திங்கள்தோறும் நம் சங்கக் கட்டடத்தில் கூடுங்கள். ஒருவர் தாம் கண்டதை இரண்டு பக்கம் எழுதிப் படிக்கட்டும். ஏனையோர் புகழவும் இகழவும் வேண்டா. எது கண்முன் தோன்றிற்று, எது விளங்கவில்லை, எது விடுபட்டது என்னும் மூன்றை மட்டும் கூறுக. தொழிற்சாலையில் உழைத்த முதியவர் ஒருவரேனும் அங்கு இருத்தல் வேண்டும். தொழிற்சொல் பிழைபடின் அவரே திருத்துவார். அடுத்த திங்கள் திருத்திய படியை மீண்டும் படியுங்கள். அவ்வாறு தேறிய கட்டுரைகளைத் தொகுத்து வைப்பது நம் சங்கம் ஏற்க வேண்டிய அடுத்த பணியாகும்.