ஏட்டில் விடுபட்ட வீரம்

போர்க்களத்தில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் அக்கல்லிற் பொறித்து வைத்தனர் பழந்தமிழர். இக்காலத்து அரசுகள் அப்பணியைக் கடதாசியிடம் ஒப்படைத்துள்ளன. வீரன் எந்தப் படைப்பிரிவிற் சேர்ந்தான், எந்தக் களத்தில் நின்றான், எப்போது காயமுற்றான், எவ்விருதைப் பெற்றான் என்பனவெல்லாம் சேவைப் பதிவேடு எனப்படும் கோவையில் எழுதப்படுகின்றன. கல்லில் எழுதியதை மழையும் வெயிலும் அழிக்கப் பல நூற்றாண்டுகள் செல்லும். கடதாசியில் எழுதியதோ ஓர் எழுதுவினைஞரின் மறதியாலும் கெடும். ஓர் இரவுத் தீயாலும் கெடும். அவ்வாறு கெட்டதைத் திருத்தும் வழி யாது? இவ்வினா ஐக்கிய அமெரிக்காவில் இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வைத் தொட்ட வினாவாகும். அந்நாடு அதற்குக் கண்ட விடையை இன்று ஆராய்வோம்.

அமெரிக்கப் படைவீரன் சேவையிலிருந்து விலகும்போது அவனுக்கு ஒரு விடுகைப் பத்திரம் வழங்கப்படும். 1950ஆம் ஆண்டு தொடக்கம் அது டி.டி. 214 என்னும் பெயரால் வழங்கிவருகிறது. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை பெறுவதற்கும், வீடு கட்டக் கடனுதவி கேட்பதற்கும், இறந்தபின் படைமரியாதையுடன் அடக்கம் செய்யப்படுவதற்கும் அப்பத்திரமே சான்று. அதிலே விருதுகளுக்கென ஒரு பகுதி உண்டு. அப்பகுதியில் எழுதப்பட்டவற்றையே அரசு அறியும். எழுதப்படாத பதக்கம், வீரன் மார்பிலே தொங்கினாலும், சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றாது.

பதக்கங்கள் ஏன் விடுபட்டன? இரண்டாவது உலகமகாயுத்தம் ஐரோப்பாவில் முடிந்த 1945 மே மாதத்தில் அமெரிக்கத் தரைப்படையில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 1946ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அத்தொகை 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. ஒரே ஆண்டில் அறுபது இலட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பிய எழுதுவினைஞர்கள் பட்ட அவசரத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வீடு திரும்பும் முறை வந்தவர்கள் தம் பழைய பிரிவை விட்டு வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டுக் கப்பலேறினர். வைத்தியசாலையிற் கிடந்தவனுக்குரிய விருதுக் கட்டளை, அவன் நீங்கிய பின்னரே அவன் பிரிவை வந்தடைந்ததும் உண்டு. உலோகத்தைச் சிக்கனம் செய்யவேண்டியிருந்த அக்காலத்திற் பல பதக்கங்களுக்குப் பதிலாக நாடாத் துண்டு மாத்திரமே வழங்கப்பட்டது. வீடு சேர்ந்தாற் போதும் என்றிருந்த இளைஞர்களோ பத்திரத்தைப் படித்துப் பாராமலே ஒப்பமிட்டுச் சென்றனர்.

இத்தகைய பிழைகளைத் திருத்துவது 1946ஆம் ஆண்டுக்கு முன் பெரும்பாடாக இருந்தது. பதிவேட்டிலுள்ள குற்றத்தைப் போக்க விரும்பியவன் தன் தொகுதிப் பிரதிநிதியை அணுகித் தன்பொருட்டு ஒரு தனிச் சட்டமே நிறைவேற்றுவிக்க வேண்டியிருந்தது. செல்வாக்குடையோர்க்கு அவ்வழி திறந்தது, ஏனையோர்க்குத் திறக்கவில்லை. 1946இல் அமெரிக்கக் காங்கிரசு தன் நடைமுறையைச் சீரமைத்துச் சட்டம் இயற்றியபோது இத்தகைய தனிச் சட்டங்களைத் தடைசெய்தது. அதற்கு ஈடாக, படைத்துறைச் செயலாளர்கள் குடிமக்களான அதிகாரிகளைக் கொண்ட சபைகளின் மூலம் பதிவேடுகளைத் திருத்தலாம் என அதிகாரம் வழங்கிற்று. பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் இச்சபைகளுக்கு உரிமை உண்டு. பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. ஆயினும் நீதியின்பொருட்டு அக்கால எல்லையைத் தளர்த்தவும் சபைக்கு இயலும். சீருடை அணிந்தோர் எழுதிய ஏட்டைச் சீருடை அணியாதோர் திருத்தலாம் என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

தமக்குரிய விருது இன்னதென்று வீரர்களே அறியாதிருந்ததும் உண்டு. 1943இல் அமெரிக்கத் தரைப்படை, எதிரியோடு நேரிற் பொருத காலாட்படையினருக்கென ஒரு போர்ச் சின்னத்தை ஏற்படுத்திற்று. பின்னர் அவர்களோடு களத்தில் நின்ற வைத்தியப் பிரிவினருக்கும் அதுபோன்றதொரு சின்னம் உண்டாயிற்று. போர் முடிந்தபின், 1947இல், அவ்விரு சின்னங்களுள் ஒன்றைப் போர்க்காலத்திற் பெற்ற ஒவ்வொருவருக்கும் வெண்கல நட்சத்திரப் பதக்கம் உரியது என விதி செய்யப்பட்டது. சேற்றிலும் பனியிலும் அதிக துன்பம் அனுபவித்தவர்கள் காலாட்படையினரே என்னும் கருத்து இவ்விதிக்கு அடிப்படை. ஆனால் 1947இல் அவர்கள் வயலிலும் தொழிற்சாலையிலும் தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தனர். விதி பிறந்த செய்தி பலரை எட்டவில்லை. அவர்களுடைய விடுகைப் பத்திரமோ அதற்கு முன்னரே எழுதி முடிந்துவிட்டது. ஆதலின், உரிய பதக்கத்தைப் பெறாமலே பலர் முதுமை எய்தினர்.

இனி, மனிதர் மறதியினும் பெரிய கேடு ஒன்றைக் கூறவேண்டும். மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரை அடுத்திருந்த தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தில், 1973 யூலை 12ஆந் திகதி நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் தீப்பற்றிற்று. ஆறாவது மாடியிற் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்த கோவைகள் எரிந்தன. தீயணைக்கும் படையினர் சில நிமிடங்களிலேயே வந்து சேர்ந்தனர். எனினும் வெம்மையும் புகையும் தாங்காது உள்ளிருந்து பின்வாங்கி, வெளியே நின்று நீரைப் பாய்ச்சினர். நெருப்பு முற்றாக அவிந்ததென அறிவிக்க யூலை 16ஆந் திகதி ஆயிற்று. ஒரு கோடியே 60 இலட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 இலட்சம் வரையிலான கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் தொடக்கம் 1960ஆம் ஆண்டுத் தொடக்கம் வரையிற் தரைப்படையிலிருந்து விலகியோரின் கோவைகளில் நூற்றுக்கு எண்பது போயின. 1947 செப்ரெம்பர் தொடக்கம் 1964ஆம் ஆண்டுத் தொடக்கம் வரையில் வான்படையிலிருந்து விலகியோருள், பெயர்வரிசையிற் பின்வந்தோரின் கோவைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து போயின. அவற்றுக்குப் பிரதி எதுவும் இல்லை, நுண்படமும் இல்லை, எவை எவை இருந்தன என்று காட்டும் அட்டவணைகூட இல்லை. இரண்டு உலகமகாயுத்தங்களிலும் கொரிய யுத்தத்திலும் பொருதவர்களின் வரலாறு சில நாளிற் சாம்பராயிற்று.

தீக்குத் தப்பியவை நீரில் நனைந்து கிடந்தன. கோடை வெப்பத்திற் பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் நேர்ந்தது. விண்வெளி ஆராய்ச்சிக்கென அமைக்கப்பட்டிருந்த வெற்றிட அறையொன்றில், நனைந்த கோவைகளை வைத்து உலர்த்தினர். இவ்வாறு ஏறத்தாழ 65 இலட்சம் கோவைகள் மீட்கப்பட்டன. ஓரம் கருகிய அத்தாள்களைக் கையுறை அணிந்த பணியாளர் ஒவ்வொன்றாக விரித்துச் சுத்தம் செய்யும் வேலை பல பதிற்றாண்டுகள் தொடர்ந்தது.

கோவையே இல்லாதவனுக்கு யார் சாட்சி? இங்கேதான் வரலாற்றாசிரியனின் தொழிலும் நீதியின் தொழிலும் ஒன்றாகின்றன. ஒரு மனிதனின் சேவை ஒரே ஏட்டில் மாத்திரம் பதிவதில்லை. ஒவ்வொரு கொம்பனியும் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையில், யார் வந்தார், யார் காயமுற்றார், யார் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார் என்னும் குறிப்புகள் உள. விருதுகளை அறிவிக்கும் பொதுக் கட்டளைகள் படைப்பிரிவுகளின் ஆவணங்களிற் காணப்படுகின்றன. இறுதிச் சம்பளச் சீட்டுகள் எஞ்சின. வீரர் தாமே பத்திரமாகக் காத்த கடிதமும் புகைப்படமும், உடனின்றோர் சத்தியக் கடதாசியில் எழுதிக்கொடுத்த சாட்சியமும் ஏற்கப்படுகின்றன. 1988ஆம் ஆண்டில் எதிர்பாராத துணையொன்று கிடைத்தது. படை வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் பற்றி ஆராய்ச்சிக்கெனத் தொகுக்கப்பட்டிருந்த கணிப்பொறி நாடாக்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அவற்றிற் பெயர்கள் இல்லை. சேவை இலக்கங்களே உண்டு. தன் இலக்கத்தை மறவாதிருந்த முதியவர் ஒருவர், தாம் காயமுற்றுச் சிகிச்சை பெற்றதை அதனாற் காட்டலாம். எதிரியின் செயலாற் காயமுற்றோர்க்குரிய ஊதா இதயப் பதக்கத்தைக் கோருவோர்க்கு அது பெருந்துணை.

இதுவரை கூறியவை பிழையின்பாற்பட்டவை. அநீதியின்பாற்பட்டவையும் உள. உள்நாட்டு யுத்தத்தில் வைத்தியராகப் பணிபுரிந்து, எதிரியாற் சிறைப்பட்டு மீண்ட மேரி வோக்கர் என்னும் பெண்மணிக்கு 1865இல் அந்நாட்டின் தலையாய விருதாகிய கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டது. 1917இல், பழைய விருதுகளை மறுபரிசீலனை செய்த சபையொன்று 911 பெயர்களைப் பட்டியலினின்றும் நீக்கியபோது அவர் பெயரும் நீங்கிற்று. அவரோ பதக்கத்தைக் கழற்ற மறுத்து, 1919இல் இறக்கும் வரையில் அணிந்திருந்தார். 1977இல் தரைப்படையின் பதிவேட்டுத் திருத்தச் சபையின் வழியாக அவர் பெயர் மீண்டும் எழுதப்பட்டது. இறந்து 58 ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஏட்டைத் திருத்தலாம் என்பதற்கு அவர் வரலாறு சான்று.

கறுப்பினத்து வீரர்களின் நிலை இதனினும் கொடிது. இரண்டாவது உலகமகாயுத்தக் காலத்தில் அவர்களுள் ஒருவருக்கேனும் கௌரவப் பதக்கம் வழங்கப்படவில்லை. இங்கே எழுதுவினைஞரைக் குறை கூறுதல் பொருந்தாது. பரிந்துரைக்க வேண்டியோர் பரிந்துரைக்கவில்லை, அல்லது குறைந்த விருதோடு நிறுத்திக்கொண்டனர். பிற்கால ஆய்வின் பயனாக 1997 சனவரியில் சனாதிபதி கிளின்டன் எழுவருக்கு அவ்விருதை வழங்கினார். இத்தாலியிற் பொருத வேர்ணன் பேக்கர் ஒருவரே அந்நாளில் உயிரோடிருந்தார். ஏனைய அறுவருக்குரியதை அவர்களின் சார்பிற் பிறரே ஏற்றனர்.

நேயர்களே, காலந்தாழ்ந்த மரியாதையில் ஒரு துயரம் உண்டு. அதைப் பெறவேண்டியவர் பெரும்பாலும் அதைக் காண்பதில்லை. இன்று இரண்டாவது உலகமகாயுத்த வீரர்களின் பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளுமே பெரும்பாலும் படிவங்களை நிரப்பி விண்ணப்பிக்கின்றனர். பழைய பெட்டியிற் கிடந்த நாடாத் துண்டொன்றின் பொருளைத் தேடிப் புறப்பட்டவர்கள், தந்தை ஒருபோதும் வாய்விட்டுக் கூறாத போர்க்களங்களின் பெயர்களைக் காலை அறிக்கையிற் படித்தறிகின்றனர். பதக்கம் கைக்கு வருமுன்னரே தந்தை அவர்களுக்கு மீண்டும் கிடைத்துவிடுகிறார். தன் ஏடு தவறியிருக்கலாம் என்று ஓர் அரசு ஒப்புக்கொள்வது அதன் பெருமைக்கு இழுக்காகாது. உயிரைக் கொடு என்று கேட்ட அரசு, பெயரைச் சரியாக எழுதித் தரவும் கடமைப்பட்டது. குடிமக்களுக்கும் ஒரு கடமை உண்டு: வீட்டிலுள்ள பழைய பத்திரங்களை வீணென்று எறியாது காத்துவைத்தல். அரசின் ஏடு எரிந்த நாளில், அலுமாரியின் அடித்தட்டிலிருந்த ஒரு தாளே பலருக்குச் சாட்சியாக நின்றது.