சுதேசிக் கப்பலும் சுயநலமும்

மனிதன் இயல்பிலேயே சுயநலக்காரனா? தத்துவமும் உளவியலும் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வி இது.

அவரவர் தம் நலனைத் தேடுவதால்தான் சந்தை இயங்குகிறது என்று ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதினார். வணிகவியல் படிப்பவர்கள் முதலில் கேட்கும் பெயர் அவருடையதுதான். ஆனால் சுயநலம் என்பதில் 'நலம்' எளிது. 'சுயம்' எதுவரை என்பதே சிக்கல். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் இதற்கு ஒரு விடை தந்தார். உடல் மட்டுமல்ல, ஒருவன் 'என்னுடையது' என்று சொல்லும் குடும்பம், வீடு, உடைமை எல்லாமே அவனுடைய சுயத்தில் அடங்கும் என்றார்.

இதை நெல்லைச் சீமையின் ஒரு வரலாற்றோடு பொருத்திப் பார்க்கலாம். ராதாபுரத்தைப் போலவே தூத்துக்குடியும் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதை எதிர்த்து வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் தியாகம் மட்டும் கேட்கவில்லை, பங்கும் விற்றார். லாபம் வந்தால் பங்குதாரருக்கு. அதோடு, 25 ரூபாய் போட்டவர் 'இது நம்ம கப்பல்' என்று சொல்ல முடிந்தது. சுயநலத்தை அவர் ஒழிக்கப் பார்க்கவில்லை, சுயத்தை விரித்தார்.

எதிர்த்தரப்போ தனிமனிதனின் பையை மட்டும் பார்த்தது. கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றது. கணக்குப் பார்ப்பவருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. ஆனாலும் சுதேசிக் கம்பெனி உடனே மூழ்கிவிடவில்லை. 1907-ல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்களுக்கு யாரும் குடை கொடுக்கவில்லை.

தலைவர் சிறையில் இருக்க, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. சிறையில் வ.உ.சி. ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 1912-ல் விடுதலையானபோது அவரிடம் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை.

அப்படியானால் சுயநலம்தான் வென்றதா? கணக்குப் புத்தகம் ஆம் என்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தில் 'நான்' என்பது ஒரு ஆள் மட்டுமே. 'நாம்' என்று எழுத அதில் பத்தி இல்லை.