சாய்வுச் சுடுதல்

சாய்வுச் சுடுதல் என்பது சுடுபவரை விட உயரமான அல்லது தாழ்வான இடத்தில் உள்ள இலக்கை நோக்கித் துப்பாக்கியால் சுடுவதைக் குறிக்கும். மலைப் பகுதிகளில் வேட்டையாடுவோரும் போரிடும் படையினரும் இதனை எதிர்கொள்கின்றனர். சமதளத்தில் ஒரு தொலைவுக்குச் சீரமைக்கப்பட்ட துப்பாக்கியால் அதே தொலைவில் உள்ள இலக்கைச் சாய்வாகச் சுடும்போது, குண்டு குறி வைத்த புள்ளிக்கு மேலே படுகிறது. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் இதுவே நிகழ்கிறது என்பது இதன் சிறப்பியல்பு ஆகும்.

அடிப்படைக் கருத்துகள்

துப்பாக்கிக் குழலின் அச்சு வழியே நீட்டப்படும் கற்பனைக் கோடு குழற்கோடு எனவும், சுடுபவரின் கண்ணையும் இலக்கையும் இணைக்கும் கோடு பார்வைக்கோடு எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. குழலை விட்டு வெளியேறிய கணத்தில் இருந்தே குண்டு புவியீர்ப்பினால் குழற்கோட்டில் இருந்து கீழே விழத் தொடங்குகிறது. இவ்வீழ்ச்சியை ஈடு செய்யும் பொருட்டு, குழற்கோடு பார்வைக்கோட்டை விடச் சற்று மேல்நோக்கி இருக்குமாறு குறிபார்க்கும் கருவி அமைக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட தொலைவில் குண்டு சரியாகக் குறியில் படுமாறு இக்கோணத்தைச் சரிசெய்வதே சீரமைத்தல் ஆகும்.

எடுத்துக்காட்டாக, நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு ஒன்றைக் கருதலாம். காற்றுத் தடையைப் புறக்கணித்தால், அது 400 மீட்டரைக் கடக்க அரை நொடி ஆகும். அந்நேரத்தில் அது குழற்கோட்டில் இருந்து ஏறத்தாழ 122 செமீ கீழே விழும். எனவே 400 மீட்டருக்குச் சீரமைக்கப்பட்ட துப்பாக்கியின் குழல், அத்தொலைவில் பார்வைக்கோட்டுக்கு 122 செமீ மேலே உள்ள புள்ளியை நோக்கி இருக்கும்.

குண்டு மேலே படுவதற்கான காரணம்

புவியீர்ப்பு முடுக்கம் எப்போதும் நிலைக்குத்தாகக் கீழ்நோக்கியே செயற்படுகிறது. பார்வைக்கோடு சாய்ந்திருக்கும்போது இம்முடுக்கத்தை இரு கூறுகளாகப் பிரிக்கலாம். ஒன்று பார்வைக்கோட்டுக்குச் செங்கோணத்தில் அமைவது. இது சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பைப் பொறுத்தது. மற்றொன்று பார்வைக்கோட்டின் வழியே அமைவது. இது சைன் மதிப்பைப் பொறுத்தது.

குண்டைப் பார்வைக்கோட்டில் இருந்து விலக்குவது முதற் கூறு மட்டுமே. மேலே கூறிய துப்பாக்கியால் 30 பாகை சாய்வில் அதே 400 மீட்டர் தொலைவுக்குச் சுட்டால், செங்கோணத் திசையிலான வீழ்ச்சி 106 செமீ மட்டுமே ஆகும். ஆனால் குறிபார்க்கும் கருவியோ 122 செமீ வீழ்ச்சியை ஈடு செய்யுமாறு அமைந்துள்ளது. எஞ்சிய 16 செமீ அளவுக்குக் குண்டு மேலே படுகிறது. கொசைன் மதிப்பு மேல்நோக்கிய கோணத்துக்கும் கீழ்நோக்கிய கோணத்துக்கும் ஒன்றே ஆகையால், விலகலும் இரண்டிலும் ஒரே திசையில் அமைகிறது.

நேர் மேல்நோக்கிச் சுடுவதை எண்ணிப் பார்த்தால் இதனை எளிதில் உணரலாம். அப்போது புவியீர்ப்பு குண்டின் வேகத்தைக் குறைக்குமே தவிர, அதனைப் பக்கவாட்டில் விலக்காது. எனவே ஈடு செய்ய வேண்டிய வீழ்ச்சி எதுவும் இல்லை.

இதே குண்டு 400 மீட்டர் சாய்வுத் தொலைவில் எவ்வளவு மேலே படும் என்பதன் தோராய மதிப்புகள் பின்வருமாறு:

15 பாகை - 4 செமீ
30 பாகை - 16 செமீ
45 பாகை - 36 செமீ
60 பாகை - 61 செமீ

விலகல் தொலைவின் இருமடிக்கு ஏற்ப அதிகரிக்கிறது. 30 பாகைச் சாய்வில் 100 மீட்டர் தொலைவில் அது 1 செமீ மட்டுமே. 600 மீட்டரில் ஏறத்தாழ 37 செமீ ஆகிறது.

பரவலான தவறான கருத்து

மேல்நோக்கிச் செல்லும் குண்டு புவியீர்ப்பை எதிர்த்துச் செல்வதால் தாழ்வாகப் படும் என்றும், கீழ்நோக்கிச் செல்லும் குண்டு மட்டுமே உயரமாகப் படும் என்றும் பலர் கருதுவதுண்டு. பார்வைக்கோட்டின் வழியே அமையும் கூறு உண்மையில் குண்டின் வேகத்தை மாற்றுகிறது. எனினும் மேற்கண்ட எடுத்துக்காட்டில் அம்மாற்றம் நொடிக்கு 2.5 மீட்டர் மட்டுமே. 800 உடன் ஒப்பிட இது மிகச் சிறிது. இதனால் இரு திசைகளுக்கும் இடையே ஏற்படும் வேறுபாடு சில மில்லிமீட்டர்களே.

அம்பு போன்ற மெதுவான எறிபொருள்களில் நிலை வேறு. நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பை 50 மீட்டர் தொலைவுக்கு 30 பாகைச் சாய்வில் எய்தால், சமதள அமைப்பில் அது மேல்நோக்கி எய்யும்போது ஏறத்தாழ 35 செமீ மேலேயும், கீழ்நோக்கி எய்யும்போது ஏறத்தாழ 55 செமீ மேலேயும் படும் (காற்றுத் தடை நீங்கலாக). இங்கும் இரண்டுமே மேலேதான் படுகின்றன.

திருத்தும் முறை

இவ்விலகலைத் திருத்த ரைபிள் வீரர் விதி எனப்படும் எளிய விதி பயன்படுகிறது:

கிடைத் தொலைவு = சாய்வுத் தொலைவு × சாய்வுக் கோணத்தின் கொசைன்

இலக்கு உண்மையில் உள்ள சாய்வுத் தொலைவுக்குப் பதிலாக, இவ்வாறு கிடைக்கும் கிடைத் தொலைவுக்குக் குறியை அமைக்க வேண்டும். 400 மீட்டர் தொலைவிலும் 30 பாகைச் சாய்விலும் உள்ள இலக்குக்கு, 346 மீட்டரில் உள்ளதாகக் கருதிச் சுட வேண்டும்.

காற்றுத் தடை இல்லாத நிலையில் இவ்விதி ஏறக்குறையத் துல்லியமானது. காற்றில் செல்லும் குண்டோ தொலைவு கூடக் கூட வேகம் இழக்கிறது. கிடைத் தொலைவு சிறிதாயினும் குண்டு முழுச் சாய்வுத் தொலைவையும் கடந்தே ஆக வேண்டும். இதனை விதி கணக்கில் கொள்வதில்லை. ஆகவே நெடுந்தொலைவுகளில் இவ்விதிப்படி சுடப்படும் குண்டு சற்றுத் தாழ்வாகப் படும். இதற்கு மாற்றாக, சாய்வுத் தொலைவுக்குரிய குழற்கோட்டு வீழ்ச்சியைக் கண்டு அதனைக் கொசைனால் பெருக்கும் முறை கூடுதல் துல்லியம் தருகிறது.

லேசர் தொலைவுமானி அளப்பது சாய்வுத் தொலைவு ஆகும். நிலப்படத்தில் அளக்கப்படுவது கிடைத் தொலைவு ஆகும். இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வது பிழைக்கு வழிவகுக்கும். சாய்வுமானியும் இணைந்த தொலைவுமானிகள் திருத்திய தொலைவைத் தாமே கணித்துக் காட்டுகின்றன.

உயரமும் காற்றடர்த்தியும்

கடல் மட்டத்தில் இருந்து 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே. தடை குறைவதால் குண்டு விரைவாக இலக்கை அடைகிறது, வீழ்ச்சியும் குறைகிறது. 1999 ஆம் ஆண்டு கார்கில் போர் இத்தகைய உயரங்களில், செங்குத்தான சரிவுகளில் நடைபெற்றது. தாழ்நிலத்தில் சீரமைக்கப்பட்ட துப்பாக்கியை அங்கே பயன்படுத்தினால் சாய்வு, மெல்லிய காற்று ஆகிய இரண்டுமே குண்டை மேலே படச் செய்யும். இவை வெவ்வேறு காரணங்கள் ஆதலால் தனித்தனியே திருத்தப்பட வேண்டும்.

வரலாறு

எறிபொருளின் பாதை பரவளைவு என்பதைக் கலீலியோ 1638 இல் வெளியான தமது நூலில் விளக்கினார். 1644 இல் டாரிசெல்லி, எறிபொருள் எட்டக்கூடிய எல்லையை வடிவியல் முறையில் ஆராய்ந்தார். வால்வெள்ளி ஆய்வால் அறியப்பட்ட எட்மண்ட் ஹாலி, கிடைமட்டத்துக்கு மேலோ கீழோ உள்ள இலக்கைத் தாக்கும் கணக்குக்கு 1686 இல் தீர்வு வெளியிட்டார். காற்றுத் தடை எவ்வளவு பெரியது என்பதை 1742 இல் பெஞ்சமின் ராபின்ஸ் சோதனைகள் மூலம் காட்டினார்.

முக்கியத்துவம்

மலை ஆடு போன்ற விலங்கின் நெஞ்சுப் பகுதி சிறியது. 16 செமீ விலகல் குண்டை முதுகின் மீது படச் செய்யலாம், அல்லது அதற்கு மேலே கடந்து போகச் செய்யலாம். காயமுற்ற விலங்கு எட்ட முடியாத பாறைகளுக்குத் தப்பிச் சென்று நெடுநேரம் துன்புற நேரிடும். மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் இலக்கைத் தவறவிட்ட குண்டு, மறுபுறம் உள்ள மனிதர்களைத் தாக்கக் கூடும். எனவே பின்னால் மண்மேடோ சரிவோ இல்லாத இலக்கை நோக்கிச் சுடலாகாது என்பது பாதுகாப்பு விதிகளுள் ஒன்றாகும்.